கத்தரீனாவின் கடைசி மூன்று கிலோ

நாற்பத்தெட்டு வயது வரைக்கும் கத்தரீனா தன்னை நிறுத்துப் பார்த்ததில்லை. மீன் நிறுத்திருக்கிறாள், நண்டு நிறுத்திருக்கிறாள். தன் உடம்புக்கும் ஒரு நிறை உண்டு, அதை யாரோ ஒருவர் கொப்பியில் எழுதிவிட்டு நிமிர்ந்து தன் முகத்தைப் பார்ப்பார் என்று அவள் நினைத்ததேயில்லை. குருநகரில் அவளை 'மொத்தக் கத்தரீனா' என்பார்கள். அதே ஒழுங்கையில் மெலிந்த கத்தரீனா ஒருத்தியும் இருந்தாள். ஆளைப் பிரித்துச் சொல்ல வந்த பெயர் அது. அதில் குத்தல் இல்லை. 'மொத்தக்கா' என்று கூப்பிட்டால் அவளும் 'என்னடா' என்று திரும்புவாள்.

தாய் இறந்தபோது அவளுக்குப் பதின்மூன்று வயது, தம்பி எமில்ராஜுக்கு ஆறு. தகப்பன் கடலுக்குப் போனால் விடியத்தான் கரைக்கு வருவார். அன்றைக்குத் தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்தவள், அவன் கலியாணம் முடித்து அடுத்த வளவில் வீடு கட்டிய பிறகுதான் இறக்கிவிட்டாள் என்று ஊரில் பகிடியாகச் சொல்வார்கள். அவளைக் கேட்டு வந்த சம்பந்தங்கள் இரண்டு. முதலாவது இடம்பெயர்வோடு போனது. இரண்டாவது எப்படிக் குழம்பியது என்று அவளுக்கே இப்போது சரியாக ஞாபகமில்லை. ஞாபகம் வைத்திருக்க நேரமும் இருக்கவில்லை.

பன்னிரண்டு வருடமாக அவளுக்கு நண்டுக் கம்பனியில் வேலை. அவித்து ஐஸில் போட்ட நண்டை உடைத்து, ஓடு படாமல் சதையை எடுத்துப் பெட்டியில் அடுக்க வேண்டும். காலை ஏழிலிருந்து பின்னேரம் நாலு வரைக்கும் ஒரே வாங்கில் இருப்பு. உடம்பு வந்தது அந்த வாங்கில்தான். வந்ததை அவள் கவனிக்கவில்லை; சட்டைகளைத்தான் பெரிதாகத் தைப்பித்தாள்.

எமில்ராஜுக்கு முதலில் கால் வீங்கியது. பிறகு வள்ளத்தில் சத்தி எடுத்தான். நாற்பத்தொரு வயது ஆம்பிளை, ஒரு நாள் காய்ச்சலென்று படுத்தவனில்லை. ஸ்கான் எடுத்துப் பார்த்துவிட்டு இரண்டு கிட்னியும் சுருங்கிவிட்டன என்றார்கள். கிழமையில் இரண்டு நாள் மிசினில் படுக்கவைத்து இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும், அதுகூட எத்தனை காலத்துக்கென்று சொல்ல முடியாது என்றார்கள்.

"குடும்பத்திலை ஆராவது ஒரு கிட்னி குடுக்கிறதெண்டால்..." என்று டொக்டர் தொடங்கினார்.

"நான் தாறன்" என்றாள் கத்தரீனா. அயல்வீட்டுக்கு அரிவாள் இரவல் கொடுப்பதுபோல் சொன்னாள். யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும் என்றும் அப்போது தெரியவில்லை.

இரத்தம் பொருந்தியது. பிறகுதான் அவளைத் தராசில் ஏற்றினார்கள். எண்பத்துமூன்று. உயரம் நூற்றைம்பத்துமூன்று சென்ரிமீற்றர். டொக்டர் கணக்குப் போட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"எழுபதுக்குக் கீழை வரவேணும் அம்மா. இந்த நிறையோடை உங்களை வெட்டினால் உங்களுக்கு ஆபத்து. பிறகு மிஞ்சிற ஒரு கிட்னி இவ்வளவு உடம்பையும் தாங்கவும் வேணும். நீங்கள் குறையுங்கோ. குறைச்சால் ஒப்பரேசனுக்குக் கண்டி ஆஸ்பத்திரிக்கு எழுதுவம்."

எமில்ராஜின் மனைவி றொசாந்தி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "மச்சாள், நீங்கள்தான் எங்களுக்குக் கடவுள்" என்றாள். கடவுளாக இருப்பதற்குப் பதின்மூன்று கிலோ குறைக்க வேண்டியிருந்தது.

மறுநாளே சீனிப்பேணியைத் தூக்கி றொசாந்தியின் குசினியில் வைத்துவிட்டு வந்தாள். ஒரு குழல் பிட்டு அரைக்குழலானது, பிறகு கால்குழல். பாணை விட்டாள். பொரியலை விட்டாள். காலை நாலரைக்கு எழும்பித் தம்பியின் பழைய சப்பாத்தை மாட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். பண்ணைப் பாலத்தில் ரவுண் ஆட்கள், ஓய்வுபெற்ற வாத்திமார், வெள்ளைச் சப்பாத்துப் போட்டுக் கைவீசி நடப்பார்கள். அவர்களை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. குருநகர்ப் பெண் ஒருத்தி சும்மா நடந்தால் கேட்பார்கள். அதற்காக முதல் கிழமை கையில் ஒரு வெறும் பையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள், சந்தைக்குப் போவதுபோல. அப்படியும் விடவில்லை.

"மொத்தக்கா, ஆற்றை செத்தவீடு? இந்த இருட்டுக்கை இவ்வளவு கெதியா ஓடுறியள்" என்று இறங்குதுறையில் வலை கழற்றிக்கொண்டிருந்த ஜெறோம் கேட்டான்.

"உன்ரைதான். மனிசிக்குச் சொல்லிப்போட்டு வாறன்."

"சொல்லேக்கை மெல்லமாச் சொல்லுங்கோ அக்கா. சந்தோசத்திலை அவளுக்கு நெஞ்சடைச்சுப் போகும்."

வள்ளத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் விசயம் தெரிந்த நாளிலிருந்து ஒருவரும் பகிடி விடவில்லை. அவள் கடந்து போகும்போது பேச்சை நிறுத்தி வழிவிட்டார்கள். அது அவளுக்குப் பகிடியைவிடப் பாரமாக இருந்தது.

ஐந்து மாதத்தில் பத்துக் கிலோ போனது. ஊரே ஆச்சரியப்பட்டது. கோயிலடியில் கண்ட ஒருத்தி, "உனக்கோ வருத்தம், உன்ரை தம்பிக்கோ?" என்று கேட்டாள். எழுபத்துமூன்று. இன்னும் மூன்று கிலோதான் என்றார்கள் எல்லோரும். மூன்று கிலோ என்றால் என்ன, ஒரு நல்ல பாரைமீன்.

அந்த மூன்று கிலோ போகவில்லை.

இரண்டு கிழமைக்கு ஒரு வியாழக்கிழமை கிளினிக். எழுபத்துமூன்று. அடுத்தது எழுபத்திரண்டு தசம் ஒன்பது. அடுத்தது எழுபத்துமூன்று தசம் நாலு. இராச்சாப்பாட்டை நிறுத்தினாள். எழுபத்துமூன்று. தவக்காலம் வந்தது, வெள்ளி ஒருசந்தியைப் புதனுக்கும் நீட்டினாள். எழுபத்திரண்டு தசம் எட்டு. நடந்து நடந்து குதிக்கால் வெடித்தது. உடம்பு தன்னிடம் மிச்சமிருந்ததை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இனித் தரமாட்டேன் என்று குந்தியிருந்தது.

தம்பிக்கும் நிறைதான் பிரச்சினை. மிசினில் படுக்கமுன் அவனையும் நிறுப்பார்கள். சலம் போகாததால் குடிக்கிற தண்ணியெல்லாம் உடம்பிலேயே தங்கிவிடும். ஒரு நாளைக்கு முக்கால் லீற்றர்தான் அளவு. தேத்தண்ணி, சொதி, எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். கடல்வெயிலில் வளர்ந்தவனுக்கு முக்கால் லீற்றர் எந்த மூலைக்கு? மூன்று நாளில் மூன்று கிலோ ஏறிவிடும். மிசின் நாலு மணித்தியாலத்தில் அந்த மூன்று கிலோவையும் உறிஞ்சி எடுத்துவிடும்.

"அக்கா, பேசாமல் என்ரை மிசினிலை வந்து படு" என்றான் எமில்ராஜ் ஒரு நாள். "நாலு மணித்தியாலம். மூண்டு கிலோ. அலுவல் முடிஞ்சுது."

"உன்ரை மிசின் என்னைக் கண்டால் நிண்டுபோம்."

"பின்னை எனக்குக் கிட்னி தாறதை விட்டுப்போட்டு எனக்குப் பதிலாத் தண்ணி குடி. அதையாவது செய்."

அவன் சிரித்தான். றொசாந்தி சிரிக்கவில்லை. அவள் இப்போது கத்தரீனாவின் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்க்கத் தொடங்கியிருந்தாள். எது போடப்படுகிறது, எது மிஞ்சுகிறது என்று. ஒரு பெருநாள் வீட்டில் கத்தரீனா ஒரு பயற்றம் பணியாரத்தைக் கையில் எடுத்து, பார்த்து, திரும்ப வைத்தாள். வைத்ததை றொசாந்தி காணவில்லை, எடுத்ததைக் கண்டுவிட்டாள்.

"மச்சாள், உங்களுக்கு விருப்பமில்லையெண்டால் சொல்லுங்கோ. நாங்கள் கோவிக்கமாட்டம்" என்றாள், எல்லோருக்கும் கேட்கத்தக்கதாக.

கம்பனியில் நிலைமை வேறு. அந்த அறை எப்போதும் குளிர். ஐஸுக்குள் கைவிட்டு வேலை செய்ய விரல்கள் மரத்துப்போகும். உள்ளே ஒன்றும் தின்னவோ குடிக்கவோ விடமாட்டார்கள். நாளுக்கு நாலு தரம் வெளியே வந்து சுடச்சுட வெறுந்தேத்தண்ணி குடிப்பார்கள். பேணியை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தால்தான் விரலுக்கு உயிர் வரும். பக்கத்து வாங்கு நிரோஜினி பண்டத்தரிப்புப் பக்கம். பனங்கட்டிக் குட்டான் அவள்தான் கொண்டுவருவாள். பனையோலையில் உள்ளங்கைக்குள் அடங்கும்படி இழைத்த சின்னப் பெட்டிக்குள் கறுத்துக் கிடக்கிற அந்தக் கட்டியில் ஒரு கடி, தேத்தண்ணியில் ஒரு மிடறு. சீனியை விட்ட நாளிலிருந்து கத்தரீனாவுக்கு அதுதான் துணை. முதல் அரைக்குட்டான், சாப்பாடு குறையக் குறைய ஒரு முழுக் குட்டான். பசி எடுத்தால் ஒரு தேத்தண்ணி. தலை சுற்றினால் ஒரு தேத்தண்ணி. வீட்டிலும் அப்படியே.

"சாப்பிடுங்கோ அக்கா, பனங்கட்டி ஒண்டும் செய்யாது" என்பாள் நிரோஜினி. "எங்கடை அப்பா இருபது வரியமாச் சலரோகம். சீனி தொடார். பனங்கட்டிதான்."

"எங்கை அவர் இப்ப?"

"செத்துப்போனார். அது வேறை வருத்தம்."

கிளினிக்கில் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டு எழுதுகிற பிள்ளையின் பெயர் வித்தியா. இணுவிலில் இருந்து மோட்டார்சைக்கிளில் வருவாள், இருபத்தேழு வயதுகூட இராது. ஒவ்வொரு முறையும் "தேத்தண்ணிக்குச் சீனி?" என்று கேட்பாள். "இல்லை மிஸ், விட்டுக் கனகாலம்" என்பாள் கத்தரீனா. அது உண்மை. வித்தியா கொப்பியில் சீனி இல்லை என்று எழுதி ஒரு சரியும் போடுவாள்.

தவக்காலம் பாதி போனபிறகு ஒரு வியாழன், வித்தியா கொப்பியை மூடி வைத்தாள்.

"அக்கா, நீங்கள் சொல்லுறது சரியெண்டால் இவ்வளவுக்கு எழுபதுக்குக் கீழை வந்திருக்கவேணும். அடுத்தமுறை வரேக்கை ஒரு நாளைக்கு உங்கடை வாயிலை போற அவ்வளவையும் ஒரு பையிலை போட்டுக் கொண்டுவாங்கோ. சமைச்சது, சமைக்காதது எல்லாம். தண்ணியை மட்டும் விடுங்கோ."

கத்தரீனா சொன்னதைச் சொன்னபடி செய்பவள். அடுத்த வியாழன் விடிய எழும்பிச் சமைத்தாள். கால்குழல் பிட்டு ஒரு பெட்டியில். ஒரு கைப்பிடி சிவப்பரிசிச் சோறு, வல்லாரைச் சம்பல், ஒரு துண்டு மீன் இன்னொரு பெட்டியில். சொதி ஒரு சின்னப் போத்தலில். தேயிலை கடதாசியில் சுற்றி. எல்லாவற்றையும் கிளினிக் மேசையில் பரப்பி வைத்தாள். றொசாந்தி பக்கத்தில் இருந்தாள். அன்று எமில்ராஜுக்கும் மிசின் நாள்.

வித்தியா ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையாட்டினாள். கடைசியாகப் பைக்குள் இருந்து ஐந்து குட்டான்கள் வந்தன.

"இது என்ன அக்கா?"

"அது தேத்தண்ணிக்கு."

"சீனி இல்லையெண்டு சொன்னியள்?"

"சீனி இல்லையே மிஸ். உது பனங்கட்டியெல்லோ."

அந்தப் பிள்ளை குட்டான்களைத் தன் பக்கம் இழுத்தாள். ஓலையைப் பிரித்துக் கட்டிகளை எடுத்து மேசையில் இருந்த சின்னத் தராசில் வைத்தாள். இலக்கம் நின்றதும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நூற்றிப்பத்துக் கிராம்" என்றாள் மெதுவாக. "இது இருபத்திரண்டு கரண்டி சீனி அக்கா. ஒரு நாளைக்கு. உடம்புக்கு ரெண்டும் ஒண்டுதான்." பிறகு, "பிழை என்னிலைதான். நான் வடிவாக் கேட்டிருக்கவேணும். எங்கடை வீட்டிலையும் உப்பிடித்தான் கடிக்கிறவை" என்றாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

கத்தரீனா ஓலைப்பெட்டிகளைத் திரும்பப் பைக்குள் போட்டாள். மூன்று கிலோ போகாத இரண்டரை மாதம். ஒரு நாளைக்கு இருபத்திரண்டு கரண்டி.

ஓட்டோவில் திரும்பி வரும்போது எமில்ராஜ் முன்பக்கக் கம்பியில் தலையைச் சாய்த்து நித்திரை. மிசினால் வந்தால் அப்படித்தான். ஆஸ்பத்திரி வீதி தாண்டும் மட்டும் றொசாந்தி அவனுடைய தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

"உண்மையாவே உங்களுக்குத் தெரியாதோ மச்சாள்?"

"என்ன தெரியாதோ?"

"இனிப்பு இனிப்புத்தான் எண்டு."

கத்தரீனாவிடம் பதில் இருந்தது. ஊரிலுள்ள அத்தனை பேரும் பனங்கட்டி தோஷமில்லை என்றுதான் சொல்கிறார்கள். றொசாந்தியின் தாயும் அப்படித்தான் சொல்லுவாள். அதைச் சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை.

அந்தக் கேள்வி அவளோடு கம்பனிக்கு வந்தது. வாங்கில் பக்கத்தில் இருந்தது. கோயிலில் பூசைக்கு நடுவிலும் இருந்தது. அப்போதுதான் ஒரு விசயம் நினைவுக்கு வந்தது. எழுபத்துமூன்று தசம் நாலு என்று வந்த அந்த வியாழக்கிழமை, எல்லோரும் முகம் தொங்கிப்போக, அவளும் தொங்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிப் படியால் இறங்கினாள். இறங்கும்போது நெஞ்சில் ஏதோ லேசாக இருந்தது. இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது. இன்றைக்கில்லை. அப்படி ஒரு லேசு. அதை அவள் அப்போதே அமத்திவிட்டாள், பானையை மூடியால் அமத்துவதுபோல.

பெரிய கிழமைக்கு முன் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழந்தாளிட்டவளுக்கு எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை.

"சுவாமி, நான் பனங்கட்டி திண்டனான்."

மறுபக்கத்தில் சுவாமியார் காதைக் கிட்டக் கொண்டுவந்தார். "களவெடுத்தோ?"

"இல்லைச் சுவாமி. என்ரை காசிலைதான்."

"அப்ப அது பாவமில்லையே மகள்."

"அதுதான் சுவாமி எனக்கும் தெரியேல்லை."

சுவாமியார் ஒரு செபமாலை சொல்லச் சொன்னார். அவருக்கும் களைப்பு, வெளியே இன்னும் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள்.

பனங்கட்டியை விட்டாள். சீனியை விட்டது பெரிதில்லை, இதுதான் பெரிது. முதல் கிழமை தலையிடி. ஐஸில் இருந்து எடுத்த கை வெறுந்தேத்தண்ணியின் சூட்டில் உயிர்க்கும், ஆனால் வாய் செத்தது போலிருக்கும். நிரோஜினி அவளுக்கு முன்னால் கடிக்க வெட்கப்பட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று கடித்தாள். "இஞ்சாலை திரும்பிக் கடி" என்றாள் கத்தரீனா. "நான் பாத்துக்கொண்டாவது இருக்கிறன்."

பின்னேரமும் நடந்தாள். வேலையால் வந்து, சப்பாத்தை மாட்டி, பாலம் வரைக்கும் போய்த் திரும்பினாள். நடக்கும்போது ஒன்றையும் நினைப்பதில்லை, நினைக்கச் சக்தியில்லை. எழுபத்திரண்டு. எழுபத்தொன்று தசம் மூன்று. எழுபது தசம் ஆறு. கைச்சதை தொங்கியது, கன்னம் உள்ளே போனது. கண்ணாடியில் தாயின் முகம், கடைசிக் காலத்து முகம், தெரிந்தது. 'மொத்தக்கா' என்று கூப்பிடுவதை ஒழுங்கையில் விட்டுவிட்டார்கள். வேறு பெயர் ஒன்றும் வைக்கவில்லை.

வைகாசி தொடக்கத்தில் எமில்ராஜுக்குக் காய்ச்சல் வந்தது. மிசினுக்காகக் கழுத்தில் போட்டிருந்த குழாயில் கிருமி. வாட்டில் மறித்து வைத்துக்கொண்டார்கள். காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. றொசாந்தி அங்கேயே நின்றாள். பிள்ளைகள் இரண்டும் கத்தரீனாவோடு. பெரியவளுக்குப் பன்னிரண்டு வயது. மாமி சாப்பிடாமல் இருப்பதைப் பார்த்துத் தானும் கோப்பையைத் தள்ளி வைத்தாள். அவளுக்கு ஊட்டிவிட்டு, ஊட்டிய கையை நக்காமல் கழுவினாள் கத்தரீனா.

கிளினிக் வியாழனுக்கு முதல்நாள் மத்தியானத்தோடு சோறும் தண்ணியும் நிறுத்திவிட்டாள். விடிய ஓட்டோ பிடிக்காமல் குருநகரில் இருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். காதில் கிடந்த தோட்டையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் தராசில் ஏறினாள். அறுபத்தொன்பது தசம் எட்டு.

வித்தியா எழும்பி வந்து அவளைக் கட்டிப்பிடித்தாள். கட்டிப்பிடித்தது நல்லது, இல்லாவிட்டால் விழுந்திருப்பாள்.

டொக்டருக்கும் சந்தோசம்தான். ஆனால் அவர் உடனே பேனாவை எடுக்கவில்லை. "நீங்கள் உங்கடை பக்கத்தைச் செய்திட்டியள் அம்மா. இனி அவர்தான். காய்ச்சல் முழுதா விடவேணும். நெஞ்சும் களைச்சுப்போய்க் கிடக்குது. ஒரு மாதம் பாப்பம். கண்டிக்கு நான் கடிதம் எழுதி வைக்கிறன்."

வாட்டில் எமில்ராஜ் கண்ணை மூடிக் கிடந்தான். அவள் வந்து இருந்ததும் திறந்தான்.

"எத்தினை?"

"அறுபத்தொம்பதே முக்கால்."

"பொய்."

"மாதாவாணை."

அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். கண்டுபிடிக்க முடியாத ஒருவரைத் தேடுவதுபோல் பார்த்தான். "என்ரை அக்காவை என்னடி செய்தனி?" என்றான். பிறகு, "கொஞ்சம் தண்ணி தா" என்றான். அன்றைய அளவில் மூன்று மூடிதான் மிச்சமிருந்தது. போத்தல் மூடியால் ஒவ்வொன்றாக ஊற்றினாள். மூன்றாவதை அவன் விழுங்காமல் வாய்க்குள் வெகுநேரம் வைத்திருந்தான்.

பதினோராம் நாள், மிசினில் படுத்திருந்தபோது, நாலு மணித்தியாலத்தில் இரண்டாவது முடியமுன் அவனுடைய நெஞ்சு நின்றுவிட்டது. கடிதம் டொக்டரின் மேசையில் இருந்தது.

சேமக்காலையில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஜெறோமும் வள்ளத்தாட்களும் பெட்டியைத் தூக்கினார்கள். கத்தரீனா அழவில்லை என்று சிலர் கதைத்தார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை என்பது உண்மைதான், நித்திரைதான் வந்தது. செத்தவீட்டுக் கதிரையில் இருந்தபடியே இரண்டு மூன்று தரம் தூங்கி விழுந்தாள். இரண்டு நாளுக்குப் பிறகு, பழக்கத்தில், நாலரைக்கு எழும்பிச் சப்பாத்தைக் கையில் எடுத்தாள். எதற்கென்று யோசித்தாள். திரும்ப வைத்துவிட்டு அதன் பக்கத்தில் வெறுநிலத்தில் படுத்தாள்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, சொந்தக்காரர் சாப்பிட்டுப் போனபிறகு, இரண்டு பேரும் கிணற்றடியில் சட்டி பானை கழுவினார்கள். ஓட்டோவில் கேட்ட அந்தக் கேள்விக்குப் பிறகு அவர்கள் இருவரும் தனியே இருந்தது அதுதான் முதல் தடவை. கத்தரீனா தும்பால் சோற்றுக்கிடாரத்தைத் தேய்த்தாள். றொசாந்தி தண்ணி அள்ளி ஊற்றினாள்.

"மச்சாள், அண்டைக்கு நான் கேட்டது..."

"விடு பிள்ளை."

"இல்லை, கேளுங்கோ." வாளியைக் கிணற்றுக்கட்டில் வைத்தாள் றொசாந்தி. "என்னை ஒருத்தரும் நிறுக்கேல்லை."

கத்தரீனா நிமிர்ந்து பார்த்தாள்.

"டொக்டர் கேட்ட உடனை நீங்கள் 'நான் தாறன்' எண்டியள். நான் வாய் திறக்கேல்லை. பேந்தும் திறக்கேல்லை. என்ரை இரத்தம் ஓ. பெரியவளின்ரை பிள்ளைப்பேற்றுக்குப் போகேக்கை எழுதித் தந்த மட்டை அலுமாரிக்குள்ளை கிடக்குது. ஓ எண்டால் ஆருக்கும் பொருந்துமாம். நீங்கள் பணியாரத்தைத் தொடேக்கை, பிட்டுத் தின்னேக்கை, நான் பாத்துக்கொண்டு இருந்தனான். எனக்கு நாற்பத்தாறு கிலோ மச்சாள். நான் ஒண்டும் குறைக்கத் தேவையில்லை. அடுத்த நாளே என்னைச் சோதிச்சிருக்கலாம்."

கத்தரீனா தனக்குள் கோபத்தைத் தேடினாள். இருக்க வேண்டும், பத்து மாதம் நடந்திருக்கிறாள், பசித்திருக்கிறாள், எல்லோருக்கும் முன்னால் தலை குனிந்திருக்கிறாள். தேடின இடத்தில் ஒன்றும் அகப்படவில்லை. கிடாரத்தின் அடியில் பிடித்திருந்த சோற்றைச் சுரண்டினாள்.

"உனக்கு ரெண்டு பிள்ளையள்."

"ஓம். அதைத்தான் நானும் எனக்குச் சொல்லிக்கொண்டு இருந்தனான்."

"அது பொய்யில்லையே."

"பொய்யில்லை. ஆனால் காரணமும் அதில்லை." றொசாந்தி கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டாள். சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "ராத்திரி கண்ணை மூடினால் கத்தியும் கத்தரிக்கோலும் தெரியும். நீங்கள் எழுபதுக்கு வந்திடவேணும், கெதியா வந்திடவேணும், அப்ப என்னை ஒருத்தரும் கேக்கமாட்டினம். உதுதான் என்ரை செபம்."

உள்ளே சின்னவன் எதற்கோ அழுதான். பெரியவள் அவனை அதட்டுகிற சத்தம் கேட்டது.

"எனக்கும் பயந்தான்" என்றாள் கத்தரீனா.

அந்தச் சொல்லை அவள் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. டொக்டருக்கோ, தம்பிக்கோ, தனக்கோகூட. சொல்லிப் பார்த்தபோது அது ஒன்றும் பெரிய சொல்லாக இல்லை. டொக்டர் கேட்ட அன்றைக்கே, அவருடைய மேசைக்கு முன்னாலேயே, இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இரண்டு பேரில் ஒருத்திக்குத் துணிவு வந்திருக்குமா என்று அவளுக்குத் தெரியவில்லை. வந்திருக்கும் என்று நினைக்கத்தான் கஷ்டமாக இருந்தது.

"இந்தப் பக்கத்தைப் பிடி" என்றாள். கிடாரம் பெரிது, அவளுக்கு இப்போது முன்னைய பலம் இல்லை.

றொசாந்தி எழும்பி வந்து பிடித்தாள். இருவருமாகச் சரித்து அழுக்குத் தண்ணியை ஊற்றினார்கள். அது வாழையடிக்கு ஓடி முடியும்வரை இரண்டு பேரும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இன்னும் இரண்டு கிடாரம் கிடந்தது.